பிள்ளையை யாரிடம் ஒப்புவிப்பது?

‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்பது நம்மவர் நாவில் எந்நேரமும் இருக்கும் பழமொழி. பெற்றோரை இழந்த குழந்தையொன்று நடுவீட்டில் திகைத்து நிற்கும்போது இதனைச் சொல்லாத பெரியவர் இல்லை. சொல்லிவிட்டு அவர்கள் செய்வது யாதெனில், அங்கு வந்திருக்கும் உறவினருள் எவர் குரல் உரக்க ஒலிக்கிறதோ அவர் கையில் அக்குழந்தையின் கையைப் பிடித்து வைத்துவிடுவதேயாகும். அதன்பின் அக்குழந்தை உண்டதா, உறங்கியதா, பள்ளிக்குச் சென்றதா, அன்றி அவ்வீட்டின் சம்பளமில்லாத வேலைக்காரியாயிற்றா என்று கேட்பார் இல்லை. கேட்டாலோ, ‘இரத்த சம்பந்தமுள்ளவரையா சந்தேகிப்பது?’ என்று கேட்டவர்மீதே சினம் கொள்வர்.

இதற்கு நேர்மாறான வேறொரு கூட்டத்தாரும் நம்மிடையே தோன்றியுள்ளனர். இவர்கள் கற்றவர்கள், நகரவாசிகள், நல்லெண்ணம் உடையவர்களே. தோட்டத்து லயத்திலும் நெருக்கமான அடுக்குமாடி வீட்டிலும் வாழும் ஏழை உறவினரிடம் குழந்தையை விடுவதைக் காட்டிலும், வசதியுள்ள அயலார் எவருக்கேனும் தத்துக் கொடுத்துவிட்டால் அதன் வாழ்வு மலரும் என்பது இவர்கள் துணிபு. முன்னவர் இரத்தத்தைக் கண்டு மயங்குகின்றனர். பின்னவர் வீட்டைக் கண்டு மயங்குகின்றனர். விசாரியாமலே தீர்ப்புக் கூறுவதில் இருவருக்கும் வேற்றுமை சிறிதுமில்லை. குழந்தையை அயலாருக்குத் தத்துக் கொடுக்குமுன் உறவினரைத் தேட வேண்டும். தேடிக் கண்டபின் அவர்களை ஆராயவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுதல் குழந்தைக்குச் செய்யும் தீங்கு என்பதே நான் ஈண்டுச் சொல்லப் புகுவது.

தத்து என்பது எளிதில் திருத்திக்கொள்ளக்கூடிய காரியமன்று. இந்நாட்டில் முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றம் ஆணை பிறப்பித்துவிட்டால், பெற்றவரின் உரிமையும் கடமையும் அன்றோடு அற்றுப்போகும். குழந்தை தத்தெடுத்தவருக்கே பிறந்ததாகக் கொள்ளப்படும். அதே ஆண்டில் இயற்றப்பட்ட தத்துப் பதிவுச் சட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. இரண்டாண்டுக் காலம் தொடர்ந்து குழந்தையை வளர்த்தவர் பதிவதிகாரியிடம் சென்று பதிந்துகொள்ளலாம்; ஆனால் அப்பதிவினால் வாரிசுரிமை பிறப்பதில்லை. நீதிமன்ற வழியிற் செல்வோர், ஆணைக்கு முன்பு குறைந்தது மூன்று மாதமேனும் குழந்தையைத் தம்மிடம் வைத்து வளர்த்திருத்தல் வேண்டும். குழந்தையின் நலத்தைக் காப்பதற்கென்றே நீதிமன்றம் ஒருவரை நியமித்து விசாரிக்கச் செய்யும். இச்சட்டத்தில் நம்மவர் பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. அயலார் ஒருவர் தத்தெடுக்க வேண்டுமாயின் அவருக்கு 25 வயது நிரம்பியிருப்பதோடு, குழந்தையைவிட 21 ஆண்டேனும் மூத்தவராகவும் இருக்க வேண்டும். உறவினராயின் 21 வயது நிரம்பினாற் போதும். அஃதாவது, சட்டம் உறவினருக்கு வாயிலைச் சற்று அகலத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் உள்ளே வந்தவரை ஆராயாமல் விட்டுவிடவில்லை.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் கருத்தும் இதுவே. ஆதரவற்று நிற்கும் குழந்தையை அதிகாரி ஒருவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தின்முன் கொண்டுவர வேண்டும். நீதிமன்றம் அக்குழந்தையைத் தகுதியுடைய ஒருவரிடம் ஒப்புவிக்கலாம், காப்பகத்திற்கும் அனுப்பலாம். எதைச் செய்யினும் குழந்தையின் நலமே தலையாயதாகும். குடும்பநிலை, வீட்டுச் சூழல், பள்ளிப் படிப்பு, உடல்நலம் ஆகியவற்றைப்பற்றி அதிகாரி எழுதும் அறிக்கையைக் கருத்திற்கொண்ட பின்னரே ஆணை பிறத்தல் வேண்டும். ‘தகுதியுடையவர்’ என்று சட்டம் கூறுகிறதேயன்றி, ‘உறவினர்’ என்றோ ‘செல்வர்’ என்றோ கூறவில்லை என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

இத்தகைய விசாரணையெல்லாம் வெள்ளையர் கொண்டுவந்த வழக்கம், நம் பண்பாட்டிற்கு ஒவ்வாதது என்று கூறுவாரும் உளர். அவர்கள் தம் முன்னோரின் வழக்கத்தையே அறியாதவர்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே குமாஸ்தாக்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்து குடியேறிய யாழ்ப்பாணத்தார் பலர். அவர்களுடைய தாய்நாட்டு வழக்கங்களைத் திரட்டிய தேசவழமை என்னும் சட்டத்தை, டச்சுக்காரர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி எழுதி, பன்னிரண்டு முதலிமார் ஆராய்ந்து ஒப்ப, அது 1707இல் நடைமுறைக்கு வந்தது. தாயும் தந்தையும் மாண்டு இளங்குழந்தைகள் மாத்திரம் எஞ்சினால் என்செய்வது என்பதற்கு அதிலே விடையுண்டு. இரு பக்கத்து உறவினரும் ஒன்றுகூடிக் குழந்தைகளை எவரிடம் ஒப்புவிப்பது என்று ஆலோசிக்க வேண்டும். ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோர் விட்டுச்சென்ற பொருளைச் சரியாகக் கணக்கெடுத்துக் குழந்தைகளோடு ஒப்புவிக்க வேண்டும். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்யப் புகுந்தால், சிறு குழந்தைகளை அவனுடைய மாமியாரோ நெருங்கிய உறவினரோ வாங்கி வளர்ப்பது வழக்கம். இறந்தவளின் சீதனம் முழுவதையும் அப்போது அவன் குழந்தைகளோடு கொடுத்துவிட வேண்டும்.

இவ்வழக்கத்தை நான் முற்றும் புகழவில்லை. அதில் நகைக்கும் நிலத்திற்கும் கணக்கிருந்தது. குழந்தையின் சோற்றுக்கும் தூக்கத்திற்கும் கணக்கில்லை. சீதனம் சிதறிவிடக் கூடாதே என்ற கவலையே அக்கூட்டத்தை நடத்திற்று என்று சொன்னாலும் தவறாகாது. ஆயினும் அவர்கள் கூடினார்கள், ஆலோசித்தார்கள், கணக்கெடுத்தார்கள். உறவினன் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவனை அவர்கள் நம்பிவிடவில்லை. இன்று நாமோ, உறவினர் என்னும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கணக்கைக் கைவிட்டோம்.

நிற்க. சீதனமும் நிலமுமில்லாத தோட்டத் தொழிலாளருக்கு அந்தக் கணக்கும் வாய்த்ததில்லை. 1942ஆம் ஆண்டு முதல் ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1943இல் பாதை முடிந்தது. போனவர்களில் எண்ணிறந்தோர் திரும்பி வரவில்லை. லயங்களில் எஞ்சிய பிள்ளைகளைச் சித்தியும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். போருக்குப் பின்னர் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜம் போன்ற ஸ்தாபனங்களும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்தன. எந்த நீதிமன்றமும் விசாரியாத அக்காலத்தில் அத்தாய்மார் செய்த தர்மத்தை நினைத்தால் கண் கலங்கும். எனினும், அன்று ஒரு லயத்தில் நடந்தது அடுத்த லயத்திற்குத் தெரியும். ஒரு பிள்ளை அடிபட்டால் பத்துக் கதவுகள் திறக்கும். ஆயாக் கொட்டகையில் ஒரு பிள்ளை மெலிந்தால் ஆயா கேட்பாள். ஊர் முழுவதும் விசாரணை அதிகாரியாக இருந்தது. இரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், நம்மவர் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடிகளில் சிதறிக் குடியேறினர். அங்கே கதவு சாத்தினால் சாத்தியதுதான். உறவு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் போய்விட்டன. ஆகையால் முன்பு தேவைப்படாத விசாரணை இப்போது தேவைப்படுகிறது.

நான் கிள்ளானுக்கு அடுத்த செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக இருக்கிறேன். செக்ரோலும் சம்பளப் பட்டியும் தொழிலாளரின் கோப்புகளும் என் பொறுப்பிலுள்ளவை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒன்றை, எவர் பெயரும் ஊரும் குறிப்பிடாமல் ஈண்டு எழுதுகிறேன். உரம் போடும் வேலையிலிருந்த ஒரு கைம்பெண் நோயுற்று இறந்தாள். கணவன் அதற்கு முன்பே சாலை விபத்தில் மாண்டவன். ஆறு வயதில் ஒரு பெண்ணும் இரண்டு வயதில் ஓர் ஆணும் எஞ்சினர். சமூக நல அதிகாரியான ஓர் அம்மையார் வந்து, கோயில் மண்டபத்தில் பெரியவர்களைக் கூட்டி, உறவினர் அனைவருடைய பெயரையும் கேட்டார். ஒன்பது பெயர்கள் எழுதப்பட்டன.

முதலில் முன்வந்தவர் பிள்ளைகளின் பெரியப்பா. கிள்ளானில் சொந்த வீடும் ஒரு லோரியும் உடையவர். ‘எங்கள் வீட்டு இரத்தம், நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்றார். கருமாதி முடியுமுன்பே என் அலுவலகத்திற்கு வந்து, சொக்சோவில் பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும், சேமநிதிப் பணம் யார் கைக்கு வரும் என்றும் விசாரித்தார். இதனால் அவரைத் தீயவர் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இன்னும் இருவரை ஏற்பவர் பணத்தைப்பற்றிக் கேட்பது இயல்பே. ஆனால் அதிகாரி அவர் வீட்டிற்குச் சென்றபோது தெரிந்தவை வேறு. பிள்ளைகள் வரப்போகும் செய்தியை அவர் தம் மனைவியிடம் கலந்து பேசியிருக்கவே இல்லை. பெண்பிள்ளை எங்கே படுப்பாள் என்றதற்குச் சமையலறை மூலை காட்டப்பட்டது. ‘பெண்தானே, வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருப்பாள்’ என்ற ஒரு சொல்லும் வந்தது. ஆறு வயதுப் பெண்ணுக்கு அவ்வீடு வகுத்திருந்த இடம் அந்தச் சொல்லில் விளங்கிற்று.

அடுத்தவள் தாய்வழிப் பாட்டி. அவளுடைய அன்பில் ஐயமில்லை. ஆனால் நீரிழிவினால் கண்பார்வை மங்கியவள். அவள் குடியிருந்த லயத்து வீடும் மகளின் வேலைக்காகத் தோட்டம் கொடுத்தது. ‘நான் எத்தனை நாளைக்கு?’ என்று அவளே கேட்டாள்.

மூன்றாவதாகப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தம்பதியர் வந்தனர். உறவினரல்லர், தெரிந்தவர் மூலம் செய்தி அறிந்தவர்கள். பதினோராண்டு குழந்தையில்லாதவர்கள், படித்தவர்கள், கனிந்த உள்ளமுடையவர்கள். ஆண்குழந்தையை மட்டும் தத்தெடுக்க விரும்பினர். ‘பெண்ணுக்கு நினைவு தெரிந்துவிட்டது, பழையதை மறக்க மாட்டாள்’ என்றார்கள். தோட்டத்துப் பெரியவர்களில் பாதிப்பேர் இதற்கு இசைந்தனர். பெண் பெரியப்பாவிடம், ஆண் பிரிக்பீல்ட்ஸுக்கு என்று காரியம் முடிந்துபோகும் நிலையில் இருந்தது. இரண்டு வயதுப் பையனோ அக்காளின் கையைவிட்டு அகலாதிருந்தான்.

அப்போது அதிகாரி என்னிடம் வந்து இறந்தவளின் கோப்பைக் கேட்டார். ஒவ்வொரு தொழிலாளியும் வேலைக்குச் சேரும்போது நிரப்பும் தாளில், ‘அவசர காலத்தில் அறிவிக்க வேண்டியவர்’ என்று ஓர் இடம் உண்டு. அதில் அவள் தன் கைப்பட எழுதியிருந்த பெயர் பெரியவர்கள் கொடுத்த ஒன்பது பெயர்களில் இல்லாத பத்தாவது பெயர். அது பிள்ளைகளின் அத்தை. அவர்கள் தந்தையின் தங்கை. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள், வயது 24. அவள் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்டதற்கு, ‘அவள் எங்களுக்கு இல்லை’ என்றார் ஒரு பெரியவர். அவள் வேறு சாதியில் ஒருவரை மணந்துகொண்டாள் என்பதே அதன் பொருள்.

நேயர்களே, உறவினரை ஆராய்வதென்பது அவர்களுடைய வீட்டை அளப்பதில் தொடங்குவதன்று; உறவினர் யார் யார் என்று பட்டியல் எழுதுவதிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பட்டியலை எழுதும் கை சாதியின் கையாக இருந்தால், பிள்ளைக்கு உண்மையில் உற்றவர் யாரோ அவரே முதலில் அடிபட்டுப் போவார். இரத்தத்தைப்பற்றி அத்துணை உரக்கப் பேசிய மண்டபத்தில், அதே இரத்தமுள்ள ஒருத்தியைச் சாதி ஒரு சொல்லில் அழித்துவிட்டது. ‘தன் தசை ஆடும்’ என்ற பழமொழி சாதிக் கட்டுக்குள்தான் ஆடுமென்றால், அதை நம்பிக் குழந்தையை ஒப்புவிப்பது எங்ஙனம்?

அந்த அத்தையைப்பற்றி அதிகாரி செய்த விசாரணை எனக்குப் பெரிதும் பிடித்திருந்தது. ‘உங்களுக்குப் பிள்ளைகள்மேல் அன்பு உண்டா?’ என்று அவர் கேட்கவில்லை. அன்பில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. தாய் மருத்துவமனையில் கிடந்த வாரங்களில் பையனைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனது யார், பெண்ணின் பாலர் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது யார், அதற்குச் சீட்டு உண்டா, பையனுக்கு எது ஒவ்வாது என்று தெரியுமா என்று கேட்டார். அத்தையின் கைப்பையில் ஏழு மாதச் சீட்டுகள் இருந்தன. பிறகு பெண்பிள்ளையைத் தனியே அமர்த்தி, ‘இரவில் விழித்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவாய்?’ என்றார். ‘அத்தையை. ஆனால் அத்தை போனில்தான் இருப்பாங்க’ என்றது குழந்தை.

ஆயினும் அவளிடமும் குறைகள் இருந்தன. இரவு வேலை, ஓரறை வாடகை வீடு, சொற்ப வருமானம். படிவத்தை நிரப்பி மதிப்பெண் போடுவதோடு விசாரணை முடிந்திருந்தால் அவள் தோற்றிருப்பாள். ஆனால் ஆராய்வது தள்ளிவிடுவதற்காக மட்டுமன்று. என்ன கொடுத்தால் இவர் தகுதி பெறுவார் என்று காண்பதற்காகவுமாகும். அவள் கணவர் பகல் வேலைக்கு மாறிக்கொண்டார். சொக்சோ பிள்ளைகளுக்குத் தரும் தொகை கணக்கிடப்பட்டு, அது எதற்குச் செலவாக வேண்டும் என்று எழுதி வைக்கப்பட்டது. பக்கத்து மாடியில் ஈரறை வீடு பார்க்கப்பட்டது. பாட்டி உடனிருந்தால் அத்தை வேலைக்குப் போகும் நேரத்திலும் பிள்ளைகள் தனித்திரார். ஆனால் அந்த மணத்திற்குப் பின் பாட்டி அவ்வீட்டில் ஒரு வாய் நீரும் அருந்தியவளல்லள். முடிவில் அவள் தன் துணிமூட்டையோடு அங்கு போனாள். பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து அவ்வீட்டுச் சோற்றை உண்டாள். எத்தனை மேடைப் பிரசங்கங்கள் செய்யாததை இரண்டு குழந்தைகள் செய்துவிட்டன! நீதிமன்றம் இருவரையும் அத்தையிடமே ஒப்புவித்தது. அதிகாரி இடையிடையே சென்று பார்த்துவருமாறும் ஏற்பாடாயிற்று.

இதனைப் படித்து, ‘ஆகவே உறவே சிறந்தது’ என்று ஒருவர் முடிவு கட்டுவாராயின் நான் எழுதியது வீண். 1999இல் ஐவரி கோஸ்ட் நாட்டைச் சேர்ந்த விக்டோரியா கிளிம்பியே என்னும் சிறுமி, உறவில் பாட்டி முறையாகும் ஒரு பெண்ணுடன் இலண்டன் சேர்ந்தாள். நல்ல கல்வி கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோர் அவளை அந்த உறவினளிடம் ஒப்புவித்திருந்தனர். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் அக்குழந்தை எட்டு வயதில் இறந்தாள். அவள் உடலில் 128 காயங்கள் காணப்பட்டன. அந்த உறவினளும் அவளோடு வாழ்ந்த ஆணும் 2001இல் ஆயுள் தண்டனை பெற்றனர். விசாரணை நடத்திய லார்ட் லாமிங் 2003இல் வெளியிட்ட அறிக்கையில், குழந்தையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 வாய்ப்புகளேனும் நழுவவிடப்பட்டன என்று கண்டார். அதிகாரிகள் பெரும்பாலும் அந்த உறவினளின் பேச்சைக் கேட்டார்களேயன்றிக் குழந்தையோடு பேசவில்லை. இரத்த உறவு அங்கே ஒரு திரையாயிற்று.

அதே இங்கிலாந்தில், 2002இல் இயற்றப்பட்டு 2005இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்புச் சட்டம், குழந்தைக்கும் உறவினருக்கும் உள்ள பிணைப்பையும், அவ்வுறவினரின் விருப்பத்தையும் ஆற்றலையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்று விதித்தது. பெற்றோரின் இசைவின்றித் தத்துக் கொடுப்பது வேறெவ்வழியும் இல்லாதபோது செய்யும் இறுதிச் செயல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 2009இல் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை ஏற்ற நெறிமுறைகளோ, வறுமை ஒன்றையே காரணமாக்கிக் குழந்தையைக் குடும்பத்தினின்று பிரிக்கலாகாது என்றும், உடன்பிறந்தாரைத் தக்க காரணமின்றிப் பிரிக்கலாகாது என்றும் கூறுகின்றன. இவையெல்லாம் சேர்ந்து உணர்த்துவது ஒன்றே: உறவு விசாரணையின் தொடக்கம், முடிவன்று.

இனி, தகுதியுள்ள உறவினர் கிடைத்துவிட்டால் அவர் உடனே தத்தெடுக்கத்தான் வேண்டுமா என்ற வினா எழும். எங்கள் தோட்டத்து அத்தைக்கும் இவ்வினா எழுந்தது. உறவினள் என்பதால் அவள் 24 வயதிலும் விண்ணப்பிக்கலாம். அயலாளாயிருந்தால் அப்பெண்பிள்ளையைத் தத்தெடுக்க வயது இடங்கொடாது. ஆனால் அவள் கேட்டது வேறு: ‘நான் தத்தெடுத்தால் அண்ணனும் அண்ணியும் அவங்களுக்கு அப்பா அம்மா இல்லைன்னு ஆயிடுமா? என்னை அம்மான்னு கூப்பிடச் சொல்லணுமா?’ மிக நுட்பமான கேள்வி. உறவினர் தத்தெடுக்கும்போது சட்டத்தில் அத்தை தாயாகிறாள். உறவுமுறை முழுவதும் ஒரு படி நகர்ந்துவிடுகிறது. இக்குழப்பத்தை நீக்கவே இங்கிலாந்தில் தத்திற்குக் குறைந்ததும் வெறும் பராமரிப்பிற்கு மேற்பட்டதுமான தனிக் காப்பாளர் முறையை அமைத்தார்கள். இந்நாட்டிலும் 1961ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் ஒருவரைக் காப்பாளராக நியமிக்க இடமுண்டு. கைக்குழந்தைக்குத் தத்து பொருந்தலாம். தாய் முகம் நினைவிலுள்ள பிள்ளைக்குக் காப்பாளரே பொருந்தலாம். இதையும் விசாரித்தே தீர்மானிக்க வேண்டும். அந்தப் பெண் இன்னும் அவளை அத்தை என்றே அழைக்கிறாள். அதில் எவருக்கும் குறைவு ஏற்படவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் தம்பதியரை நான் மறக்கவில்லை. அவர்களுடைய ஏமாற்றம் உண்மையானது. உறவினர் எவரும் இல்லாத, அல்லது இருந்தும் தகுதியற்ற குழந்தைகள் உண்டு. அத்தகைய குழந்தைக்கு அவர்களே தாய் தந்தையர். ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்றதும் நம்மவரே அன்றோ? உறவினரை முதலில் ஆராய்வது இவர்களுக்கும் நன்மையே. ஐந்தாண்டு கழித்து ஓர் அத்தையோ பாட்டியோ வாயிலில் வந்து நின்று, ‘எங்களைக் கேட்டீர்களா?’ என்று அழுவதற்கு அப்போது இடமிராது. அதேபோல் விசாரணை நீண்டுகொண்டே போவதும் தகாது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் பாதி. உறவினர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பின்வாங்கி, மறுபடி வந்துகொண்டிருக்க, குழந்தை காப்பகத்தில் காத்திருப்பது நீதியாகாது.

நம்மவர் செய்யக்கூடியவை சில உள. பிறப்பையும் திருமணத்தையும் பதிவு செய்யுங்கள். அந்த அத்தை தான் அத்தை என்று மெய்ப்பிக்க, தன்னுடையதும் அண்ணனுடையதுமான பிறப்புப் பத்திரங்கள் இரண்டையும் காட்ட வேண்டியிருந்தது. பெற்றோர் மணம் பதியப்படாமலும் பிள்ளையின் பத்திரம் குறைபட்டும் கிடக்கும் குடும்பங்களில் குடியுரிமைச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அதனைத் தத்தெடுப்பு ஆணை மட்டும் தானாகத் தீர்த்துவிடாது. தமக்குப் பின் பிள்ளைகளை யார் வளர்க்க வேண்டுமென்று தாய் தந்தையர் உயிரோடிருக்கும்போதே எழுதி வையுங்கள். ஒரு கூலிப்பெண் ஒரு வரியில் எழுதிய பெயர் இரண்டு பிள்ளைகளைக் காத்தது. அதிகாரி வந்து உறவினர் பெயர்களைக் கேட்டால், வீட்டைவிட்டுச் சாதியின் பேரால் தள்ளப்பட்டவர்களின் பெயரையும் சொல்லுங்கள். நம் சங்கங்களும் கோயில் சபைகளும் குழந்தையை ஒப்புவிக்கும் நாளில் கூடுவதோடு நில்லாது, மூன்று மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் சென்று பார்க்கட்டும்.

தேசவழமையார் சீதனத்திற்கு வைத்த கணக்கை நாம் குழந்தைக்கு வைப்போமாக. அக்கணக்கு உண்ட வேளை, உறங்கிய இடம், சென்ற பள்ளி, அழுதபோது வந்த ஆள் ஆகியவற்றைக் குறித்ததாக இருக்கட்டும். நல்ல உறவினர் எவரும் அத்தகைய கணக்கைக் காட்ட அஞ்சமாட்டார்.